குழந்தைகள் மருத்துவமனையில் கணினிப் பதிவும் செயற்கை நுண்ணறிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரும், வார்டில் பணியாற்றும் செவிலியர்களும், இளம் மருத்துவர்களும், சுற்றுவட்டார ஊர்களில் சிறிய மருத்துவமனை நடத்துபவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்டு வருகிறார்கள். ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் இருந்துகொண்டு, காகிதக் கோப்புகள் கணினிக்கு மாறுவதை உடனிருந்து கவனித்துவரும் அனுபவத்தில் இந்த விடைகளைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஏஐ, ஏஐன்னு எல்லாரும் சொல்லுதாவ. ஆஸ்பத்திரியில அதுக்கு என்ன வேலை?

இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் அழைப்பதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. ஓ.பி.யில் டோக்கன் தருவது, பிள்ளையின் எடையையும் காய்ச்சலையும் பதிவது, இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரின் திரைக்குக் கொண்டுபோவது, டிஸ்சார்ஜ் சம்மரியை அச்சிட்டுத் தருவது ஆகியவை கணினிப் பதிவைச் சேர்ந்தவை. அவை எழுதியதை அப்படியே வைத்திருந்து, கேட்ட இடத்தில் எடுத்துக் கொடுக்கின்றன.

செயற்கை நுண்ணறிவு என்பது, பல்லாயிரம் பழைய எக்ஸ்ரே படங்களையோ, கண் படங்களையோ, நாடித்துடிப்புப் பதிவுகளையோ காட்டிப் பழக்கப்பட்ட மென்பொருள், புதிதாக வரும் ஒன்றைப் பார்த்து 'இது இன்னதாக இருக்கக்கூடும்' என்று கணித்துச் சொல்வதாகும். பழக்கிய படங்களில் எந்த வகைப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் கணிப்பு தேறும் அல்லது தவறும். பின்வரும் விடைகள் பலவும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே அமைந்திருக்கின்றன.

இனிமே டாக்டர் தொட்டுப் பார்க்க மாட்டாங்களா? கம்ப்யூட்டரே மருந்து எழுதிக் குடுத்துருமா?

அதற்கு அனுமதி இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் எந்தத் தளமும் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும், பதிவுபெற்ற மருத்துவருக்குத் துணையாக மட்டும் இருக்கலாம் என்றும் தெளிவாகச் சொல்கின்றன.

பிள்ளையின் கைகால்கள் சில்லிட்டிருக்கின்றனவா, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, வயிற்றை அமுக்கினால் சுளிக்கிறதா என்பதெல்லாம் கையாலும் கண்ணாலும் அறிய வேண்டியவை. மருத்துவர் பிள்ளையைப் பாராமல் திரையையே பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், 'கொஞ்சம் பிள்ளையைப் பாருங்க, ஐயா' என்று சொல்லப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. தயங்க வேண்டாம்.

போன மாசம்தான் எடை பார்த்தாவ. ஒவ்வொரு தடவையும் ஏன் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்க்கீங்க?

பெரியவர்களுக்குப் பெரும்பாலான மாத்திரைகள் எல்லாருக்கும் ஒரே அளவில் தரப்படுகின்றன. குழந்தைக்கோ அநேகமாக ஒவ்வொரு மருந்தும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டே தரப்படுகிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. வேண்டும். மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தாக இருந்தால் அது 1.2 மி.லி. ஆகும், 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் 5 மி.லி. ஆகும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் 2.4 மி.லி. ஆகும். மூன்று பாட்டில்களும் ஒரே பெயரோடு மருந்துக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் பிள்ளையின் வயிற்றுக்குள் 500 மி.கி. போய்விடும். அது வேண்டிய அளவைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

இந்த இடத்தில் கணினி உண்மையாகவே உயிர் காக்கும் வேலையைச் செய்ய முடியும். எடையைப் பதிந்து, மருந்தையும் பாட்டிலின் வீரியத்தையும் தேர்ந்தெடுத்தால், எத்தனை மி.லி. என்று கணக்கிட்டு, அளவு மீறினால் தடுத்து நிறுத்தும். ஆனால் 8.2 கிலோ என்பது புள்ளி விடுபட்டு 82 என்று பதிவாகிவிட்டால் அதே கணினி பத்து மடங்கு மருந்தைக் கூசாமல் எழுதும்; அச்சிட்ட தாளில் இருப்பதால் யாரும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவும் மாட்டார்கள். பதினோரு மாதப் பிள்ளைக்கு 82 கிலோ இருக்க முடியாது என்று திருப்பிக் கேட்காத மென்பொருளைக் குழந்தைகள் மருத்துவமனைக்குள் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பச்சிளம் குழந்தைகளுக்குக் கிராம், கிலோ என்ற அலகுக் குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

எனவேதான் ஒவ்வொரு வருகையிலும் சட்டையைக் கழற்றி, தராசைப் பூச்சியத்தில் வைத்து நிறுக்கிறோம். வளரும் பிள்ளையின் சென்ற மாத எடை இந்த மாதத்துக்கு உதவாது. வயிற்றோட்டத்தில் வந்த பிள்ளைக்கு எவ்வளவு நீர் இழப்பு ஏற்பட்டிருக்கிறது என்பதையும் அந்த வித்தியாசம் காட்டிக்கொடுக்கும்.

பெரியவங்களுக்குச் சரியா வேலை செய்யுத சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கும் சரியாத்தானே இருக்கும்?

அப்படி நினைப்பதுதான் இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய ஆபத்து. நிமிடத்துக்கு 45 முறை மூச்சு விடும் ஆறு மாதக் குழந்தைக்கு அந்த எண்ணிக்கை இயல்பின் எல்லைக்குள் இருக்கிறது. அதே 45 இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேக மூச்சு ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 ஆகியவை வேக மூச்சின் தொடக்க எல்லைகள். வயதைக் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்து எச்சரிக்கும் கருவி குழந்தைகள் வார்டில் எப்போதும் அலறிக்கொண்டிருக்கும், அல்லது அலற வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிடும்.

இன்னொரு சான்று: நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் இருக்கலாமா என்று கணிக்கும் மென்பொருள்களை 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டபோது, அந்தப் பரிந்துரையை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. சின்னப் பிள்ளைகளின் காசநோய் எக்ஸ்ரேயில் பெரியவர்களுடையதைப் போலத் தெரிவதில்லை. பழக்குவதற்குப் போதுமான பிள்ளைகளின் படங்களும் அப்போது கிடைக்கவில்லை. ஆகவே, 'மும்பையில் ஓடுகிறது, சென்னையில் ஓடுகிறது' என்று விற்பனையாளர் சொல்லும்போது, எந்த வயதினருக்கு ஓடுகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்படின்னா பிள்ளைகளுக்குன்னே வந்து, பலன் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லையா?

இருக்கின்றன. 2011இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 1500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த 3003 குழந்தைகளின் இதயத்துடிப்பு ஏற்ற இறக்கத்தைக் கணினி ஓயாமல் கணித்து, கிருமித்தொற்று வரப்போவதற்கான குறியை ஓர் எண்ணாக மாற்றியது. பாதிப் பேருக்கு அந்த எண்ணை மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். மீதிப் பேருக்குக் காட்டவில்லை. காட்டப்படாத குழுவில் இறப்பு 10.2 விழுக்காடாக இருக்க, காட்டப்பட்ட குழுவில் அது 8.1 விழுக்காடாக இருந்தது. அந்த எண் எந்த மருந்தையும் சொல்லவில்லை. 'இந்தப் பிள்ளையை மறுபடி போய்ப் பார்' என்று மட்டும் சொன்னது. பலன் அந்தப் பார்வையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பாதிப்பு. 34 வாரத்துக்கு முன்பு பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். இன்னும் முன்கூட்டிப் பிறந்த, மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். காலம் தவறினால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். பிடித்துவிட்டால் லேசர் சிகிச்சையால் காப்பாற்றலாம். ஆனால் இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த கண் மருத்துவர்கள் மிகக் குறைவு. பயிற்சிபெற்ற பணியாளர் கேமராவோடு வார்டுக்கு வந்து படம் எடுத்து, தொலைவிலிருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்லும் முறையைக் கர்நாடகத்தில் 2008இலிருந்தே நடத்தி வருகிறார்கள். தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அந்த வழியில் பணியாற்றியிருக்கிறது. அங்கே சேர்ந்த படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்றும் சோதித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கண்களை வைத்தே சோதிக்கப்பட்டது என்பதால் இதை நான் மற்றவற்றைவிட மேலாக மதிக்கிறேன்.

கை எக்ஸ்ரேயிலிருந்து எலும்பின் வயதைக் கணிக்கும் மென்பொருளும் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. அதில் ஓர் எச்சரிக்கை: எலும்பு வயதுக்கு உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படும் படத்தொகுப்பு, 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானது. நம் முக்கூடல் ஊர்ப் பிள்ளைக்கு அந்த எண் வரும்போது, அது சற்று முன்பின் இருக்கலாம் என்று எண்ணியே மருத்துவர் படிக்க வேண்டும்.

நாங்க காரையாறு பக்கம். கீழ இறங்கி வாறதுக்கே ஒரு நாள் போயிரும். வீடியோவுல காட்டினா போதாதா?

சில தேவைகளுக்குப் போதும். தோல் தடிப்பு, மறுபரிசோதனை, ஏற்கெனவே எழுதிய மருந்தைத் தொடரலாமா என்ற கேள்வி, வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளையின் மாதாந்திர விசாரிப்பு போன்றவற்றுக்கு மத்திய அரசின் தொலைமருத்துவத் தளமான ஈ-சஞ்சீவனி போன்ற வசதி பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்தும். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது நெறிமுறை.

பால் குடிக்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் கண் விழிக்காமல் கிடப்பது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, வெகுநேரம் சிறுநீர் போகாதது ஆகியவற்றில் எது இருந்தாலும் வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் நேரில் பார்க்க வேண்டியதே.

வீட்டுல சாட்ஜிபிடிகிட்ட கேட்டுப் பார்த்தேன், அது வேற ஒண்ணு சொல்லுது. டாக்டர்கிட்ட சொன்னா கோவிப்பாங்களா?

சொல்லுங்கள். மறைத்துவைத்துக்கொண்டு மனதுக்குள் குழம்புவதைவிட வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. கோபித்துக்கொள்ளாமல் கேட்பது மருத்துவரின் கடமை. அதே வேளையில் அந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைகளின் 100 சிக்கலான நோய் விவரங்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தபோது 83 இடங்களில் அது தவறியது. 72 இடங்களில் நோயையே தவறாகச் சொன்னது, 11 இடங்களில் பயன்படாத அளவுக்குப் பொதுவாகச் சொன்னது. அதன்பின் இத்தகைய கருவிகள் தேறியிருக்கலாம். ஆனாலும் அது உங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை.

களக்காடு, பாபநாசம், கடையம் போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து ஐந்தாறு நாள் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு, நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) இருக்கலாம் என்பது இங்குள்ள மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதைப் போன்ற ஒரு கரிய பொருக்கு இருக்கிறதா என்று உடையை விலக்கித் தேடுவார்கள். அந்தப் பொருக்கு வலிக்காது. அதனால் வீட்டாருக்கும் தெரிந்திருக்காது, கைப்பேசியில் யாரும் அதைத் தட்டச்சு செய்யவும் மாட்டார்கள். சொல்லப்படாததை எந்த மென்பொருளாலும் கணக்கில் எடுக்க முடியாது.

என் பிள்ளையோட ரிப்போர்ட்டு, போட்டோ எல்லாம் எங்க போகும்? யாரெல்லாம் பார்ப்பாவ?

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. பிள்ளையின் உடல்நலத்துக்குத் தேவையான அளவுக்கு மருத்துவமனைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு சிகிச்சையோடு நின்றுவிடும்.

நடைமுறையில் நான் அஞ்சுவது தொலைதூரத்தில் இருக்கும் பெரிய கணினிகளைவிட, கையிலிருக்கும் கைப்பேசியைத்தான். எக்ஸ்ரேயை ஒருவர் தம் சொந்தப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பெயரும் ஊரும் படத்தின் மூலையில் அப்படியே தெரிகின்றன. குழுவில் இருந்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் படம் அவர் கையிலேயே இருக்கிறது. கலந்தாலோசிக்க வேண்டுமானால் பெயரையும் முகத்தையும் மறைத்து, மருத்துவமனையின் கருவியிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டும். உங்கள் பிள்ளையை யாரேனும் படமெடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

ஆபா நம்பர் எடுக்கலைன்னா வைத்தியம் பார்க்க மாட்டாவளாமே?

அது உண்மையன்று. ஆபா என்பது மத்திய அரசின் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண்; அது விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்வது. பல மருத்துவமனைகளில் பார்த்த பதிவுகளை ஒரே இடத்தில் காண உதவும் என்பதால், நீண்டகால நோயுள்ள பிள்ளைகளுக்கு எடுத்துவைப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வழங்கப்படும் பிக்மி எண் வேறு. பிறப்புச் சான்றிதழுக்கு அதையே கேட்பார்கள்.

பிள்ளையைத் தூக்கிட்டு வாறது ஆச்சிதான். அவாளுக்குப் போனும் இல்லை, படிக்கவும் தெரியாது. என்ன செய்ய?

பீடி சுற்றும் வேலையையோ வயல் வேலையையோ விட்டுத் தாய் வர முடியாமல் இருக்க, ஆச்சி பிள்ளையைக் கொண்டுவருவது இங்கே அன்றாடம் காணும் காட்சி. க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் டோக்கன் என்ற ஏற்பாடு அந்த ஆச்சியை வாசலிலேயே நிறுத்திவிடும். எந்தக் கணினி ஏற்பாட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆளும் ஒரு காகிதச் சீட்டும் இருந்தே ஆக வேண்டும். மருந்து அளவை எழுதிக் கொடுப்பதோடு, அளவுக்குழாயில் அந்தக் கோட்டைப் பேனாவால் குறித்து, அவர் கையாலேயே ஒருமுறை உறிஞ்சிக் காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

நோட்டுலயும் எழுதுறோம், கம்ப்யூட்டர்லயும் ஏத்துறோம். இது எங்களுக்கு ரெட்டை வேலைதானே?

செவிலியர்கள் கேட்கும் இந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. கணினி வந்த பிறகும் பழைய பதிவேட்டை நிறுத்த நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை, இரண்டும் ஓடுகின்றன, கடைசியில் இரவுப் பணி முடியும் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கான அளவீடுகள் ஒரே மூச்சில் ஏற்றப்படுகின்றன. அந்தப் பதிவை நம்பி எந்தக் கணிப்பையும் செய்ய முடியாது. எந்த நாளில் எந்தப் பதிவேடு மூடப்படும் என்பதைக் கருவி வாங்கும்போதே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். அத்துடன், படுக்கையருகே பதிவதற்கு ஏற்ற சாதனம் இல்லாமல் வார்டின் கோடியில் ஒற்றைக் கணினியை வைத்துவிட்டுச் செவிலியரைக் குறைசொல்வது தகாது.

மானிட்டர் ஏற்கெனவே கத்திக்கிட்டே கிடக்கு. இன்னொரு எச்சரிக்கையும் வச்சா யார் கேப்பா?

யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் நடக்கும். உதைக்கும் காலிலிருந்து ஆக்சிஜன் அளவிடும் கவ்வி நழுவுவதாலும், அலாரத்தின் எல்லைகள் பெரியவர்களுக்கானபடியே விடப்பட்டிருப்பதாலும்தான் பாதி ஓசை எழுகிறது. முன்பு சொன்ன வயதுவாரி எல்லைகளை முதலில் அமைத்தாலே வார்டு அமைதியடையும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெரியவர்களுக்கான ஒரு கிருமித்தொற்று எச்சரிக்கை மென்பொருளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பல நூறு மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த அந்த மென்பொருள், தொற்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைத் தவறவிட்டிருந்தது. அதே வேளையில் மொத்த உள்நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. ஆகவே புதிய எச்சரிக்கை எதையும் சில மாதங்கள் திரையில் காட்டாமல் பின்னணியில் ஓடவிட்டு, அது எழுப்பிய எச்சரிக்கைகளையும் மருத்துவர்கள் உண்மையில் கண்டதையும் ஒப்பிட வேண்டும். அதன்பின், எச்சரிக்கை வந்தால் எந்தப் பணியில் இருப்பவர் எத்தனை நிமிடத்தில் படுக்கைக்கு வர வேண்டும் என்று பெயர் குறித்து எழுதிய பிறகே ஓசையைத் திறக்க வேண்டும்.

நாம பேசுறதைக் கேட்டு அதுவே கேஸ் ஷீட் எழுதிருமாமே? ஓ.பி.யில வைக்கலாமா?

நூறு பிள்ளைகளைப் பார்த்துக் களைத்த மருத்துவருக்கு இது பெரிய ஆறுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஓ.பி. அறையில் ஆச்சி ஒன்று சொல்ல, தாய் இடைமறித்துத் திருத்த, பக்கத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழும். 'பால் குடிக்கான்' என்பதும் 'பால் குடிக்கல' என்பதும் அந்த இரைச்சலில் ஒன்றாகக் கேட்டால், எழுதப்படும் குறிப்பு நேர்மாறாகிவிடும். இப்படிக் கேட்டு எழுதும் கருவிகளுக்குள் இருக்கும் மொழிமாதிரிகள் (சாட்ஜிபிடி போல வாக்கியங்களை ஆக்கித் தரும் மென்பொருள்கள்) தவறவிட்டதை இட்டு நிரப்பி, சொல்லாததையும் அழகான வாக்கியமாக எழுதிவிடக்கூடியவை.

வைப்பதானால், எடை, மருந்தளவு, ஒவ்வாமை ஆகிய மூன்றையும் கையால் மட்டுமே பதிய வேண்டும். மற்றதை மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒலிப்பதிவு நடப்பதைப் பெற்றோரிடம் முன்னதாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்.

கரண்ட்டு போச்சுன்னா, நெட்டு போச்சுன்னா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்றன. இணையம் இருந்தால்தான் பிள்ளையின் மருந்துப் பட்டியல் தெரியும் என்ற நிலையில் எந்த மருத்துவமனையும் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பணிமாற்றத்தின் போதும், உள்ளிருக்கும் பிள்ளைகளின் பெயர், வயது, எடை, ஒவ்வாமை, ஓடும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு வார்டில் வைக்க வேண்டும். எடைவாரி அவசர மருந்தளவு அட்டை சுவரில் தொங்க வேண்டும். பதிவின் நகல் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு கணினியிலும் இருக்க வேண்டும். அந்தக் கணினியும் யூபிஎஸ்ஸும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு இருமுறையாவது கணினியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, காகிதத்தில் ஓட்டிப் பழக வேண்டும்.

அம்பாசமுத்திரத்துல 10 படுக்கை வச்சு நடத்துறோம். எதை முதல்ல வாங்கலாம்?

செயற்கை நுண்ணறிவைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறாத ஓர் எண், சரியான பிறந்த தேதி, எடை, ஒவ்வாமை ஆகியவை முதலில் வேண்டும். அடுத்தது முன்பு விளக்கிய மருந்தளவுச் சரிபார்ப்பு. தடுப்பூசி நாள் தவறியவர்களுக்குக் கைப்பேசியில் நினைவூட்டுவது செலவு குறைந்தது, பயன் மிகுந்தது. இவை ஓராண்டு ஒழுங்காக ஓடிய பிறகு மற்றதை யோசிக்கலாம்.

கம்பெனிக்காரர் வரும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேரிடம், எந்த ஊரில் சோதித்தீர்கள்? எந்த வகைப் பிள்ளைகளிடம் இது தவறுகிறது? நோய் கணிக்கும் மென்பொருளும் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின் கீழ் வருவதால், உரிய அனுமதி இருக்கிறதா? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பதிவுகள் முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் தருவீர்களா? எங்கே தவறும் என்ற கேள்விக்கு 'எங்கேயும் தவறாது' என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

டாக்டர் ஒண்ணு சொல்ல, மெஷின் வேற சொன்னா எதை எடுத்துக்கிடணும்?

பிள்ளையை மறுபடி பார்ப்பதே முதல் வேலை. மென்பொருள் 'ஆபத்து' என்று சொல்லி மருத்துவருக்கு அப்படித் தோன்றவில்லை என்றால், ஒருமுறை அதிகமாகப் பார்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை. மென்பொருள் 'நலம்' என்று சொல்லி, மருத்துவருக்கோ செவிலியருக்கோ தாய்க்கோ மனம் ஒப்பவில்லை என்றால், மென்பொருளை ஒதுக்கிவைக்க வேண்டும். 'பிள்ளை எப்பவும் போல இல்லை' என்று தாய் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் தனி வரியாகவே எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்தி வருகிறேன். கருத்து வேறுபட்டதையும், எதன் அடிப்படையில் முடிவெடுத்தார்கள் என்பதையும் பதிந்துவைத்தால், அந்தக் கருவி நம் பிள்ளைகளிடம் எங்கே தவறுகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

அது தப்பாச் சொல்லி பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?

முடிவெடுத்துக் கையெழுத்திட்ட மருத்துவரும் மருத்துவமனையும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. 'கணினி சொன்னது' என்பது அங்கே விடையாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மனித மேற்பார்வையையும் பொறுப்பேற்பையும் வலியுறுத்துகின்றன. தயாரித்த நிறுவனத்தின் பங்கு என்ன என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்வது மருத்துவமனையின் வேலை. அந்த வழக்காடலுக்காகப் பெற்றோரைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

எங்க பிள்ளைகளோட எக்ஸ்ரேயை வச்சு கம்பெனி லாபம் பார்க்கும். நாங்க ஏன் சம்மதிக்கணும்?

சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் படங்கள் எந்தத் தொகுப்பிலும் இல்லாவிட்டால், கிளீவ்லாந்து எலும்புப் படங்களைப் போல, யாரோ ஒருவரின் பிள்ளையை அளவாகக் கொண்டு செய்த கருவிகளே நமக்கு வந்து சேரும். அந்த வகையில் பங்கெடுப்பதில் பொதுநன்மை உண்டு. அதே நேரத்தில், பெயர் நீக்கப்படுகிறதா, படம் எங்கே வைக்கப்படும், விற்கப்படுமா, செய்த கருவி இந்த மருத்துவமனைக்குக் குறைந்த விலையில் கிடைக்குமா, பின்னால் மனம் மாறினால் விலகலாமா என்றெல்லாம் கேட்டுத் தெளிவது உங்கள் உரிமை.

சிகிச்சைக்கான சம்மதமும் ஆராய்ச்சிக்கான சம்மதமும் தனித்தனித் தாள்களில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சியில் சேர்க்க ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும் இசைவு பெற வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் அதற்கு மதிப்புத் தர வேண்டும். சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்ற வரி அந்தத் தாளிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். படிக்க முடியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி இல்லை என்றால் கையெழுத்திட வேண்டாம்.